அம்மாவை மலையிலிருந்து இறக்கிவிடலாமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையில் அண்ணன் குடும்பத்தோடு அம்மா இருக்கிறார். வயது 73. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தார். காய்ச்சல் விட்டு மூன்று மாதமாகிறது, ஆள் ஒடுங்கிவிட்டார். 52 கிலோ இருந்தவர் இப்போது 47. பூண்டு தரம் பிரிக்கும் பெண்களோடு போய் உட்காருவதில்லை, குழந்தை வேலப்பர் கோவிலுக்கும் போவதில்லை. அடுப்படியே கதி. மேடும் பள்ளமுமான ஊர், குளிர் வேறு. திண்டுக்கல்லில் எங்களோடு வைத்துக்கொண்டால் ஓய்வாக இருப்பார் அல்லவா? இல்லை, இது வயதானால் வருவதுதானா?

பதில்: ஓய்வு என்ற பேச்சை முதலில் நிறுத்திவிடுங்கள். அவர் படுத்திருந்த பத்து நாள்தான் பாதி வினை. நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள்; 2007இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது, சோறும் இறங்கியிருக்காது.

ஆள் ஒடுங்கிவிட்டார் என்று நீங்கள் எழுதியிருப்பதை மருத்துவத்தில் நலிவு என்கிறோம். அதற்கு ஐந்து அடையாளங்கள் பார்ப்பது 2001 முதல் வழக்கம்: தானாக எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றிரண்டு என்றால் அதன் வாசல். ஓராண்டுக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு போனாலே கணக்கில் வரும். இவருக்குப் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இதை வயதின் தலையில் கட்டிவிட முடியாது. 80 வயதிலும் முதுகில் விறகுக் கட்டோடு மேடேறுகிறவர்களை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள்.

எனவே முதல் வேலை, எடை ஏன் போனது என்று கண்டுபிடிப்பது. இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், பி12, இவற்றோடு காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும். காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து வந்த இடத்தில் காசநோயை நான் ஒருபோதும் விட்டுவைப்பதில்லை. அவர் விழுங்கும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாடு பாதியாகி, சர்க்கரை மாத்திரை மட்டும் பழைய அளவில் ஓடினால் மயக்கம் வரும். இரத்த அழுத்தத்தை உட்கார்ந்தும் நின்றும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வும் இப்படித்தான் அடுப்படியில் உட்காரவைக்கும், அதையும் கேட்கட்டும்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. இரண்டு மணி நேரம் பெண்களோடு உட்கார்ந்தால் நடுவில் சிறுநீரை அடக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம். இருமினால் கசியும் என்ற கூச்சத்தில் கோவிலை விட்ட பாட்டிமார்கள் பலரை எனக்குத் தெரியும். மகள் நீங்கள், தனியாக இருக்கும்போது கேளுங்கள். அண்ணன் கேட்டால் பதில் வராது. இதற்கு வைத்தியம் உண்டு.

அடுத்து கால். நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, செல்போனில் நேரம் பாருங்கள்; ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலவீனம் என்பது ஆசியர்களுக்கு 2019இல் வகுத்த அளவு. வைத்தியமும் அதே நாற்காலிதான். முடிந்தவரை எழுந்து உட்கார வேண்டும், காலையும் மாலையும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது அடுத்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 87 ஆன நலிந்தவர்களுக்கே எடைப் பயிற்சியில் கால் பலம் இரட்டிப்புக்கு மேல் கூடியது. 1994இல் வந்த ஆய்வு அது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பயிற்சி மட்டும் போதாது, தசைக்குத் தீனி வேண்டும். முதியவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். 47 கிலோவுக்குச் சுமார் 50 கிராம். ரசம் சோற்றில் இது கிடைக்காது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு. பட்டர் பீன்ஸும் பட்டாணியும் விளைகிற மலையில் இதற்குப் பொடி டப்பா வாங்க வேண்டியதில்லை. பல் இல்லாவிட்டால் குழைய வேகவையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

மேட்டைவிட இறக்கத்துக்குத்தான் நான் பயப்படுவேன். உடம்பைத் தாங்கிப் பிடித்து இறக்கும்போது தொடைத் தசைக்குக் கடும் வேலை. பனியில் நனைந்த கல் வேறு. பின்பட்டி உள்ள, அடியில் வரி ஓடிய செருப்பு, வலிக்கும் முழங்காலுக்கு எதிர்க் கையில் தடி. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே. வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் கிளம்பட்டும். அடுப்புப் புகையில் நாள் முழுவதும் உட்காருவதை விட, கம்பளியும் குல்லாயும் போட்டுக்கொண்டு திண்ணையில் இருக்கலாம்.

திண்டுக்கல்லுக்கு வருவோம். பரிசோதனைக்காகப் பத்துப் பதினைந்து நாள் அழைத்து வாருங்கள், திரும்பும் தேதியை முன்பே சொல்லிவிட்டு. நிரந்தரமாகக் கொண்டுவருவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு வேலையைச் செய்ய உடம்பு இடம் கொடுப்பது ஒன்று, நாலு பேரோடு அதில் சேர்ந்திருப்பது வேறொன்று. உலக சுகாதார நிறுவனமே 2001இல் இவ்விரண்டையும் பிரித்து வைத்தது. மாடி வீட்டில் தொலைக்காட்சி முன் அவருக்குக் கால் தேறலாம், எழுந்து போக ஓர் இடம் இருக்காது. பூண்டின் தரத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்கிற கைக்கு அங்கே என்ன வேலை?

ஆகவே அண்ணனிடம் சொல்லுங்கள்: முதல் வாரம் பூண்டுக் கூடை அம்மாவின் திண்ணைக்கு வரட்டும், இரண்டு பெண்களோடு. அடுத்த வாரம் அவர் அவர்களிடம் போகட்டும், அரை மணி நேரம், கூட ஒரு பேரப்பிள்ளை. கோவில் அதற்கடுத்து. மூச்சு வாங்குதல், மயக்கம், கறுப்பு மலம், திடீர்க் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனை. இல்லையென்றால் ஆறு வாரம் கழித்து எடையும், ஐந்து முறை எழ எத்தனை நொடி ஆனது என்பதும், கோவிலுக்கு எத்தனை முறை போனார் என்பதும் எழுதி அனுப்புங்கள்.