ஒளிரும் ஊசி இருக்கும்போது பயாப்சி எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு மார்பில் சிறிய கட்டி. மேமோகிராம் பார்த்த டாக்டர் பயாப்சி எடுக்கச் சொல்கிறார். புற்றுநோய் செல்களின் நொதி பட்டதும் ஒளிரும் ஊசி வந்திருப்பதாகப் படித்தேன். பயாப்சிக்குப் பதிலாக அதைப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: முடியாது. பயாப்சியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் 'இது புற்றுநோயா?' என்று அந்த ஊசி சொல்லாது. கட்டியை வெட்டியெடுத்த பிறகு, 'உள்ளே மிச்சம் இருக்கிறதா?' என்று பார்க்கத்தான் அது.

இந்த ஊசியில் இருப்பது போன்ற சாயங்களின் சூட்சுமம், நொதி வந்து வெட்டும்வரை ஒளிராமல் இருப்பது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யாசுதெரு உரானோ குழு 2011-இல் வெளியிட்ட சாயத்தைப் பாருங்கள். அதன் முனையில் குளூட்டமிக் அமிலத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். அது இருக்கும்வரை சாயத்தின் வளையம் மூடியே கிடக்கும். நிறமும் இல்லை, ஒளியும் இல்லை. ஜிஜிடி என்ற நொதி அந்தத் துண்டை வெட்டியதும் வளையம் திறந்து பச்சையாக ஒளிரும். எலிகளில் கட்டியின் மேல் தெளித்தபோது ஒரே நிமிடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஜிஜிடி என்று ஒரு வரி வருமே, அதே நொதிதான். சிறுநீரகத்தில் நிறையவே இருக்கிறது. அதாவது, நல்ல திசுவும் ஒளிரலாம். ஒளிர்ந்ததெல்லாம் புற்றுநோய் இல்லை.

மார்பகத்துக்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஏப்ரலில் அனுமதித்த மருந்து பெகுலிசியானின். கேதெப்சின் போன்ற புரதம் வெட்டும் நொதிகள்தான் இதை ஒளிர வைப்பவை. ஆபரேஷனுக்கு 2 முதல் 6 மணி நேரம் முன்பு நரம்பில் ஏற்றுவார்கள். கட்டியை எடுத்ததும் அந்தக் குழிக்குள் கையடக்கக் கருவியை வைத்துச் சுவர்களைப் பார்ப்பார்கள். தோலுக்கு வெளியிலிருந்து பார்த்துப் பயனில்லை. திசுவுக்குள் ஒளி சிதறிவிடுவதால் ஆழத்தில் இருப்பது தெரியாது.

பலன் எவ்வளவு? முக்கியமான சோதனையில் 357 பெண்களில் 27 பேருக்கு, வழக்கமான அறுவைக்குப் பிறகும் தங்கியிருந்த புற்றுநோயை இந்த ஒளி காட்டி எடுக்க வைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அதே சோதனையில் அதன் உணர்திறன் 49.3 சதவீதம். மிச்சம் இருந்த இடங்களில் ஏறக்குறைய பாதியில் கருவி எதையும் காட்டவில்லை. இப்படிப்பட்ட ஒன்றை நம்பி யாரும் 'புற்றுநோய் இல்லை' என்று எழுதித் தர முடியாது, தரவும் கூடாது.

பயாப்சியில், எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் ஆராயும் டாக்டரான பேத்தாலஜிஸ்ட் பார்ப்பது வேறு: செல் எந்த வகை, எந்த கிரேடு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்2 என்ற புரதம் அதிகமா. சிகிச்சையே இவற்றை வைத்துத்தான் முடிவாகும். இதில் எதையும் வெளிச்சம் சொல்லாது.

சரி, பயாப்சியில் புற்றுநோய் என்று வந்து, மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுப்பதாக முடிவானால், அப்போது இந்த ஊசியைப் பற்றி சர்ஜனிடம் கேளுங்கள். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. அம்மாவுக்கு ஏதாவது அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கை மருந்தின் லேபிளிலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. நிணநீர்க் கணுவைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் போடுவதாக இருந்தால், குழியைப் பார்த்து முடித்த பிறகே அதைப் போட வேண்டும். அப்புறம், ஊசிக்குப் பிறகு சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகலாம். அதற்காகப் பதற வேண்டாம்.