பெயின்ட் பட்டறை பதில்கள்: கையால் கழுவுவதா, எந்திரத்தில் விடுவதா?

கார்களுக்கு பெயின்ட் அடிப்பதும் கீறல் எடுப்பதுமே தொழிலாகக் கொண்ட ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

ஐயா, என்னுடையது கறுப்பு நிறக் கார். வாங்கியதிலிருந்து நானே ஷாம்பு போட்டுக் கையால்தான் கழுவுகிறேன். ஆனாலும் இரவில் விளக்கின் கீழ் பார்த்தால் பானெட் முழுவதும் சிலந்தி வலை போலக் கீறல்கள். என் நண்பர் எப்போதும் தானியங்கி எந்திரத்தில் விடுகிறார். அவர் காரிலும் அதே வலை. பிறகு நான் எதற்கு இடுப்பு ஒடியக் கழுவ வேண்டும்?

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. கீறியது கையும் இல்லை, எந்திரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மணல்.

காரின் உடம்பில் தகட்டுக்கு மேலே துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கின்றன. பளபளப்பு முழுவதும் அந்தக் கடைசி அடுக்கின் தயவு. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. தெருப் புழுதியில் இருக்கும் மணல் துகள் அதைவிடப் பல மடங்கு கடினம். துகளைத் துணியால் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தால் கோடு விழாமல் என்ன செய்யும்?

ஒரு வேடிக்கை. கை விளக்கைப் பானெட்டின் மேல் பிடித்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வலையும் கூடவே நகரும். கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை, எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கைச் சுற்றி வளைந்து கிடப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டம் வட்டமாகத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல் உண்டு. வெளியில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எந்திரத்தில் உங்களுக்கு முன்னால் போனவரின் சேறு தூரிகையில் தங்கி உங்கள் கதவுக்கு வருகிறது. வீட்டிலோ ஒரே வாளி, ஒரே ஸ்பாஞ்சு. ஸ்பாஞ்சின் முகம் தட்டையானது. மணல் உள்ளே போய் ஒளிய இடமில்லாமல் முகத்திலேயே நின்று தேய்க்கும். அதை அதே வாளியில் முக்கினால், கதவின் அடிப்பகுதியில் எடுத்த மணல் திரும்ப பானெட்டுக்கு ஏறுகிறது. உங்கள் கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே, காரைத் தொடும் முன் தண்ணீரை வேலை செய்ய விடுங்கள். மேலிருந்து கீழாக நன்றாகப் பீய்ச்சி, நுரையைப் போட்டுச் சில நிமிடம் ஊற விட்டு, காய்வதற்குள் மறுபடி அலசினால் பெரும்பாலான மணல் தானாகவே இறங்கிவிடும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். நீண்ட இழைகள் கொண்ட மைக்ரோபைபர் கையுறையால் ஒரு பகுதியைத் துடைத்ததும் கையுறையை முதலில் வெறும் தண்ணீரில் அலசுங்கள், அடுத்துத்தான் ஷாம்பு. கூரையில் தொடங்குங்கள். சக்கரத்தை ஒட்டிய பகுதிக்கும் கதவின் அடிக்கும் கடைசியில் வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி வேண்டும், ஏனென்றால் அங்கே இருப்பது பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள். வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுங்கள். துணி தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை மறந்துவிடுங்கள். உதறினால் போய்விடும் என்பது வெறும் நம்பிக்கை.

துடைக்கும்போதும் அழுத்தாதீர்கள். அகலமான துணியை ஈரத்தின் மேல் விரித்து மெல்ல இழுத்தாலே தண்ணீரைக் குடித்துவிடும். வெயிலில் வேண்டவே வேண்டாம். தண்ணீர் காய்ந்த இடத்தில் அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும்.

இருக்கிற வலையை பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆனால் பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது அல்ல, கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. ஆண்டுதோறும் சீவ அங்கே சரக்கு கிடையாது. பாலிஷ் போட்டுக் காசு வாங்குகிறவனே இதைச் சொல்கிறேன்.

தூரிகையே இல்லாத, தொடாமல் கழுவும் எந்திரம் பாதுகாப்பானதுதானே?

கீறலைப் பொறுத்தவரை, ஆம். ஆனால் தேய்க்காமல் அழுக்கு போக வேண்டுமானால் அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டுமே. ரசாயனம் செய்கிறது. காரம் கூடிய கரைசலும், சில இடங்களில் அதோடு அமிலக் கரைசலும் அடிப்பார்கள். நீங்கள் ஆசையாகப் பூசிய மெழுகு சீக்கிரம் கரைந்துபோகும். அப்படியும் சாலையில் ஓடும்போது ஒட்டிக்கொண்ட மெல்லிய அழுக்குப் படலம் முழுதாகப் போவதில்லை. வெளியே வந்ததும் கதவின் அடியில் விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், விரல் நுனி சாம்பல் நிறமாக வரும்.

துணிப்பட்டைகள் சுழலும் எந்திரமே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். பட்டைகள் சுத்தமாக இருந்து, அவை காரைத் தொடும் முன் அழுத்த நீர் அடிக்கும் ஏற்பாடும் இருந்தால், அழுக்குக் கந்தலோடு அவசரமாகத் துடைக்கும் ஆளைவிட அது மேல். வரிசையில் உங்களுக்கு முன்னால் சேறு அப்பிய ஜீப் நிற்கிறதா? அன்று திரும்பிவிடுங்கள். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் அடித்த காரைத் தூரிகை எந்திரத்தில் விடவே கூடாது. அதில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாது. போட்டால் அந்த இடம் மட்டும் பளபளத்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசி தட்டுகிறேன். போதுமா?

கீறுவதற்குப் போதும்.

கையால் கழுவினால் தண்ணீர் மிச்சம் என்கிறார் என் அப்பா. உண்மையா?

அப்பா வாளியில் கழுவுகிறவராக இருந்தால் உண்மை. குழாயைத் திறந்து விட்டுக் கழுவுகிறவர் என்றால் இல்லை. சாதாரணக் குழாயில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போகும்; கால் மணி நேரம் ஓடினால் 150 லிட்டருக்குக் குறையாது. குழாய் முனையில் விசை வைத்த பீய்ச்சியை மாட்டி, தேவையான நொடி மட்டும் அழுத்தினால் செலவு பாதிக்கு மேல் குறையும். கழுவிய நீரை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தும் எந்திர நிலையமும், குழாயைத் திறந்து விட்டுக் கழுவுவதைவிடச் சிக்கனமானது. வாசலில் கழுவும் தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கோடும் பிரேக் தூளோடும் மழைநீர் வடிகாலில் இறங்கி, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நீர்நிலைக்குப் போகக்கூடும் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போடலாமா?

பிசுக்கு எடுப்பதற்கென்றே பிறந்தது அது. மெழுகையும் பிசுக்காகத்தான் பார்க்கும். ஒருமுறை போட்டால் கார் கெட்டுப்போகாது. வழக்கமாக்க வேண்டாம்.

பறவை எச்சத்தைச் சுரண்டி எடுத்தேன். எச்சம் போய்விட்டது, அடையாளம் போகவில்லை. ஏன்?

எச்சத்தில் அமிலம் இருக்கிறது. அதோடு, வெயிலில் சூடேறி இளகும் கிளியர் கோட் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்தையே அச்சாக எடுத்துக்கொள்கிறது. பார்த்த உடனே ஈரத் துணியை அதன் மேல் போட்டு வையுங்கள். இளகியதும் அழுத்தாமல் அப்படியே தூக்கி எடுங்கள். நகமும் கத்தியும் வேண்டாம்.

எனக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. எந்திரத்தில்தான் விட வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாக விடுங்கள் அம்மா. மாதக்கணக்கில் அழுக்கோடு கிடப்பதைவிட அது நல்லது. சமீபத்தில் ஏதாவது பாகத்துக்கு பெயின்ட் அடித்திருந்தால் மட்டும், அடித்தவர் சரி என்று சொல்லும்வரை பொறுங்கள். புது பெயின்ட் உள்ளே முழுதாக இறுகியிருக்காது.

உள்ளே நுழையும் முன் பக்கக் கண்ணாடிகளை மடக்கி, திருகிக் கழற்றும் ஆன்டெனா என்றால் கழற்றிவிடுங்கள். மழை பட்டதும் தானாக ஓடும் வைப்பரை மறக்காமல் அணையுங்கள். இதை விட்டுவிட்டு வைப்பர் வளைந்து வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரை எந்திரமே இழுத்துச் செல்லும் வகை என்றால் நியூட்ரலில் வைத்து, தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியையும் நிறுத்த வேண்டும். கார் நிற்க, எந்திரம் மட்டும் நகரும் வகை என்றால் கைபிரேக் போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரக் கார்கள் சிலவற்றில் கழுவுவதற்கென்றே தனி முறை இருக்கிறது, கையேட்டில் பாருங்கள்.

வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக அழுத்துங்கள், ஈரம் போய்விடும். கதவின் உள்விளிம்புக்கும் டிக்கி மூடியின் ஓரத்துக்கும் எந்த எந்திரமும் எட்டாது. அங்கே தேங்கும் தண்ணீரை நின்றபடியே ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிடலாம்; அதற்குக் குனிய வேண்டியதில்லை.