திருமணமாகாத கர்ப்பிணிகளுக்கான காப்பகத்துக்குப் போயிருக்கிறீர்களா? வெளியாட்கள் போய்ப் பார்க்கலாமா?

போகலாம். ஆனால் முன்கூட்டியே கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அது சுற்றிப் பார்க்கிற இடமில்லை.

அப்படி ஒரு காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கும் தோழியோடு நான் போயிருந்தேன். வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "பேர் கேக்காதீங்க, ஊர் கேக்காதீங்க. யாருன்னு மட்டும் கேக்கவே கேக்காதீங்க" என்றார் காப்பாளர்.

கூடத்தில் டிவி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. நிறைமாதப் பெண் ஒருத்தி, வீங்கிய கால்களை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு வில்லியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். அவளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி காப்பாளரிடம் வந்து, "தத்துக் கொடுக்கிற பேப்பர்ல இப்பவே கையெழுத்துப் போட்டுடட்டுமா அக்கா? ஒரு வேலை முடியும்" என்றாள். "பிள்ளை பிறக்கட்டும்மா. பார்த்துட்டு அப்புறம் சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

இது அவருடைய நல்ல மனசு மட்டுமில்லை. நாடு விட்டு நாடு தத்துக் கொடுப்பது பற்றிய 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது: தாயின் சம்மதத்தைக் குழந்தை பிறந்த பிறகுதான் வாங்க வேண்டும், பணம் காட்டி வாங்கக்கூடாது. இப்படி எழுதி வைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அடைக்கலம் என்ற பெயரில் நடந்த கொடுமைகள் கொஞ்சநஞ்சமில்லை. அயர்லாந்தின் தாய்-சேய் இல்லங்களை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 2021-இல் வெளிவந்தது. ஆராய்ந்த 18 இல்லங்களில் இறந்த குழந்தைகள் சுமார் 9,000 பேர். ஆஸ்திரேலியாவில் திருமணமாகாத தாய்மார்களிடமிருந்து குழந்தைகளைப் பறித்துத் தத்துக் கொடுத்ததற்காக, 2013-இல் பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

அதனால் நீங்கள் போனால் தரை பளபளக்கிறதா என்று பார்க்காதீர்கள். கிளம்ப நினைக்கிற பெண் கிளம்ப முடிகிறதா? வேண்டியவர்களோடு போனில் பேச விடுகிறார்களா? டாக்டர் அவளிடம் பேசுகிறாரா, அவளை விட்டுவிட்டுக் காப்பாளரிடம் பேசுகிறாரா? குழந்தையை நானே வளர்க்கிறேன் என்று அவள் சொன்னால் அதற்கு வழி சொல்கிறார்களா, முகத்தைச் சுளிக்கிறார்களா? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

இன்னொன்று, பெரும்பாலும் யாரும் யோசிக்காதது. குழந்தையைக் கொடுத்துவிட்டாலும் உடம்புக்கு அது தெரியாது. இரண்டு மூன்று நாளில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகும், வலி உயிர் போகும், சிலருக்குக் காய்ச்சலும் வரும். குழந்தை கை மாறியதும் "சரி, முடிந்தது, கிளம்பு" என்கிற இடம் காப்பகமே இல்லை.

என்ன கொண்டு போவது என்று கேட்பீர்கள். பழந்துணி மூட்டையும் அறிவுரையும் வேண்டாம். நாங்கள் கேட்டபோது தளர்வான நைட்டியும் பிரசவத்துக்குப் பிறகு வைக்கும் பெரிய நாப்கினும் சொன்னார்கள். அப்புறம், கைக்குழந்தையோடு வருகிறவளுக்குத் தங்க இடம் கொடுத்து வேலையும் தருகிறவர்கள் யாராவது தெரியுமா என்று கேட்டார்கள். அதற்குத்தான் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.