நவச்சாரம் கரையும்போது குவளை ஏன் குளிர்கிறது?

கேள்வி: ஆய்வகத்தில் நவச்சாரத்தை, அதாவது அம்மோனியம் குளோரைடை, நீரில் போட்டுக் கலக்கினேன். குவளை சில்லிட்டுவிட்டது. வெப்பத்தை வெளிவிடும் வினைதான் தானாக நடக்கும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் இது எப்படி நடந்தது? ஒரு வினை தன்னிச்சையாக நடக்குமா என்பதைக் கணக்குப் போட்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் கை சொன்னது சரி, படித்த விதிதான் பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாம்சன், பெர்த்தலோ போன்ற பெரிய வேதியியலாளர்களே அந்த விதியை நம்பினார்கள். ஆகவே குழம்பியதற்காக வருந்த வேண்டாம்.

வெப்பத்தோடு என்ட்ரோபியையும், அதாவது துகள்களும் ஆற்றலும் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவையும், கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு மோல் நவச்சாரம் கரையும்போது ஏறத்தாழ 14.7 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. முதலில் அதே நீரிடமிருந்தும், பிறகு கண்ணாடியிடமிருந்தும், உங்கள் விரல்களிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. 298 கெல்வினில் இவ்வளவு வெப்பத்தை இழக்கும் சூழலின் என்ட்ரோபி 14,700-ஐ 298-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 49 ஜூல்/கெல்வின் குறைகிறது. ஆனால் படிகத்தில் கட்டுண்டிருந்த அயனிகள் நீரெங்கும் பரவுவதால் அமைப்பின் (உப்பும் நீரும் சேர்ந்த கரைசலின்) என்ட்ரோபி சுமார் 75 கூடுகிறது. கூட்டிக்கழித்தால் 26 மிச்சம். மொத்த என்ட்ரோபி கூடுகிறது, அதனால் உப்பு கரைகிறது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி கேட்பது இதை மட்டும்தான்.

ஒவ்வொரு முறையும் சூழலைத் தனியாகக் கணக்கிடுவது சிரமம். அந்தச் சிரமத்தைப் போக்கியவர் அமெரிக்க அறிவியலாளர் கிப்ஸ் (கீழே என்தால்பி மாற்றம் என்பது மாறா அழுத்தத்தில் அமைப்பு உறிஞ்சும் வெப்பம்):

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

மாறா வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் விடை எதிர்க்குறியில் வந்தால் செயல் தன்னிச்சையானது. இங்கே 14.7 − 22.4 = −7.7 கிலோஜூல். மேலே மிஞ்சிய 26-ஐ 298-ஆல் பெருக்கிப் பாருங்கள், குறி மாறி அதே எண் வரும்.

மாணவர்கள் அதிகம் தவறுவது அலகில்தான். என்தால்பி கிலோஜூலிலும் என்ட்ரோபி ஜூலிலும் தரப்பட்டிருக்கும். ஒன்றை மாற்றாமல் கழித்தால் விடை பெரிதும் பிசகும். வெப்பநிலை கெல்வினில்தான் இருக்க வேண்டும். உங்கள் கைப்பழக்கத்தைச் சோதிக்கப் பனிக்கட்டி நல்ல உதாரணம்: உருகல் என்தால்பி 6,010 ஜூல், என்ட்ரோபி மாற்றம் 22.0. இரண்டு உறுப்புகளும் சமமாகி விடை சுழியாகும் வெப்பநிலையை அறிய முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 273 கெல்வின். அதற்குக் கீழே உருகாது, மேலே உருகும்.

தன்னிச்சை என்பதை வேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு மோல் நீராவதில் கட்டிலா ஆற்றல் 237 கிலோஜூல் குறைகிறது. ஆனாலும் பொறி படும்வரை அந்தக் கலவை அசையாமல் இருக்கும். வேகம் வினைவேகவியலின் பாடம்.

இன்னொன்று: −7.7 என்பது திட்ட நிலைக்கான (ஒப்பிடுவதற்கென வகுத்துக்கொண்ட செறிவுக்கும் அழுத்தத்துக்குமான) எண். உப்பு கரையக் கரைய உண்மையான மதிப்பு சுழியை நோக்கி நகரும். 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் சுமார் 37 கிராம் கரைந்ததும் சுழியைத் தொட்டுவிடும். அதன்பின் எவ்வளவு கலக்கினாலும் மிச்ச உப்பு குவளையின் அடியிலேயே கிடக்கும். சூடாக்கினால் வெப்பநிலையோடு பெருகும் என்ட்ரோபி உறுப்பு வலுப்பெற்று, அந்த மிச்சமும் கரையத் தொடங்கும்.