காற்று தளரும் இடத்தில் மணல்: கேள்வி பதில்

கேள்வி: கடற்கரையில் மணல்மேடு எப்படி உருவாகிறது? காற்று மணலைத் தூக்கி வந்து கொட்டுகிறதா?

காற்று தூக்கிக்கொண்டு போவது தூசியைத்தான். மணல் குதித்துக் குதித்துப் போகும். மணிக்கு 20 கி.மீ. அளவுக்குக் காற்று அடித்தாலே காய்ந்த மணல் நகரத் தொடங்கிவிடும். விழும் ஒவ்வொரு மணல்மணியும் வேறு சில மணிகளைத் தெறிக்கவிடும். காற்று எங்கே தளர்கிறதோ அங்கே மணல் தங்கிவிடும்.

அதற்கு ராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லின் ஒரு புதரே போதும். புதருக்குள்ளும் பின்னாலும் காற்று தளர்ந்து, வால்போல மணல் சேரும். மணல் மூட மூட அந்தப் புல் மேலே வளர்ந்து இன்னும் மணலைப் பிடிக்கும். அடப்பங்கொடியும் அப்படித்தான். இரண்டையும் தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

கேள்வி: தேரியை (சிவப்பு மணல்மேட்டை) ஒட்டித் தோட்டம். ஆடிக் காற்றில் மணல் உள்ளே வருகிறது. எட்டடி மதில் கட்டலாமா?

வேண்டாம். மதிலில் முட்டும் காற்று கீழே சுழன்று அடியில் பள்ளம் பறிக்கும். மணல் சற்றுத் தள்ளி மேடாகும். அது உயர்ந்ததும் மதிலைத் தாண்டி வரும். மதிலின் இரு முனைகளிலும் காற்று வேகமெடுத்து மண்ணை அரிக்கும்.

பனைமட்டை வேலி போடுங்கள். பாதி அடைப்பு, பாதி சந்து. காற்று அதில் வடிந்து வேகம் இழக்கும், மணலைப் போட்டுவிடும். வேலியின் பின்பக்கமும் மணல் சேரும் என்பதால், காற்று வரும் பக்கம் நன்றாகத் தள்ளி வையுங்கள். புதைந்தால் அதன்மேலேயே இன்னொரு வேலி.

கேள்வி: ஹாலோ பிளாக் சுவர் என்றால் நிற்குமா?

மதிலுக்குச் சொன்னதுதான் இதற்கும். காற்றுக்கு எல்லாச் சுவரும் ஒன்று.

கேள்வி: பிறை வடிவ மேட்டின் கொம்புகள் காற்று போகும் பக்கம் நீளும் என்கிறார் நண்பர். தார் பாலைவனத்தில் நான் நேர்மாறாகப் பார்த்தேன். யார் சரி?

இருவருமே சரி. நீங்கள் பேசுவது இரண்டு வேறு மேடுகளைப் பற்றி. செடியில்லாத வெட்டவெளியில் வருவது பிறை. நடுவில் நகர்த்த வேண்டிய மணல் அதிகம், ஓரங்களில் குறைவு. அதனால் ஓரங்கள் முந்திப் போய்க் கொம்பாகின்றன.

தாரில் நிறைய இருப்பவை லாட வடிவ மேடுகள். அங்கே ஓரத்துத் தாழ்ந்த மணலைப் புல்லும் புதரும் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி மட்டும் முன்னேறுகிறது. ஓரங்கள் இரண்டு கைகள்போலக் காற்று வரும் தென்மேற்கிலேயே தங்கிவிடுகின்றன.

அடுத்த முறை சரிவைப் பாருங்கள். செங்குத்தான பக்கம் பிறையில் உள்வளைவில் இருக்கும், லாடத்தில் வெளிவளைவில்.

கேள்வி: தேரி மணல் ஏன் சிவப்பு? அதில் முந்திரி வைக்கலாமா?

மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது. முந்திரிக்கு வேளாண் அலுவலரைக் கேளுங்கள்.

கேள்வி: மேட்டில் பிள்ளைகள் குழி தோண்டி விளையாடலாமா?

செங்குத்துப் பக்கத்தில் கூடவே கூடாது. காய்ந்த மணல் சுமார் 33 பாகைச் சரிவுக்கு மேல் நிற்காது. அடியில் தோண்டினால் மொத்தமாகச் சரிந்து ஆளை மூடிவிடும்.

கேள்வி: சவுக்கு நட ராவணன் மீசையை அகற்றலாமா?

அகற்றாதீர்கள்.