அன்னா பேசிய இடம் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டி.டபிள்யூ. கிரிஃபித் 1920-இல் எடுத்த ‘வே டவுன் ஈஸ்ட்’ என்ற மௌனப்படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். பனிப்பாளங்கள் மிதக்கும் ஆற்றுக் காட்சியில் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. ஆனால் படம் முடிந்தபின் ஒரு மனக்குறை. ஏமாற்றப்பட்டு, குழந்தையைப் பறிகொடுத்து, பண்ணைவீட்டில் வேலை செய்து பிழைத்த அன்னாவை ஓர் ஆண் தூக்கிவந்து கல்யாணம் செய்துகொள்வதுதான் விடிவா? அந்தக் காதல் நிலைக்கும் என்று எப்படி நம்புவது?

எம்.

அன்புள்ள எம்.,

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆற்றையே பேசுவதால், அன்னா என்றாலே காப்பாற்றப்பட்டவள் என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடுகிறது. அந்தக் காட்சி சாதாரணமானதன்று. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒயிட் ரிவர் ஜங்ஷன் என்ற ஊரருகே, உறைபனிக் காலத்தில் மெய்யான பனிப்பாளத்தின்மீது படுத்து நடித்தார் அன்னாவாக வரும் லிலியன் கிஷ். கையையும் கூந்தலையும் நீரில் தொங்கவிடலாம் என்று சொன்னவரும் அவரே. ஆயினும் என் மனத்தில் படத்தின் உச்சம் அதற்குச் சற்று முன்பு, சாப்பாட்டு மேசையருகே நிகழ்ந்துவிடுகிறது.

அந்த மேசைக்கு அவள் எதையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறாள் என்று பாருங்கள். லெனாக்ஸ் சாண்டர்சன் என்ற பணக்காரன் போலித் திருமணம் ஒன்றை நடத்தி, அதை யாரிடமும் சொல்லாதே என்று அவள் வாயையும் கட்டி, அவள் கர்ப்பமானதும் கைவிட்டுவிடுகிறான். முகமறியாத ஊரில் ஒரு வாடகை அறையில் பிள்ளை பெறுகிறாள். குழந்தை பிழைக்காது என்று தெரிந்ததும், ஞானஸ்நானம் இல்லாமல் அது போய்விடக் கூடாதே என்ற தவிப்பில், தானே தண்ணீர் தொட்டு அதைச் செய்துவிடுகிறாள். அப்போது அவள் சூட்டும் பெயர் ‘டிரஸ்ட் லெனாக்ஸ்’. நம்பிக்கை என்ற சொல்லையும் நம்பிக்கையைக் கொன்றவனின் பெயரையும் சேர்த்து ஒரு சிசுவுக்குச் சூட்டும் அந்த முகத்தை என்னால் இரண்டாம் முறை தலைநிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு பார்ட்லெட் குடும்பத்தின் பண்ணையில் வேலைக்குச் சேர்கிறாள். அவ்வீட்டு மகன் டேவிட் (ரிச்சர்ட் பார்தெல்மெஸ்) தன் காதலைச் சொல்லும்போது, காரணம் சொல்லாமல் மறுத்துவிடுகிறாள். அவளுடைய பழைய கதை தெரியவந்ததும், நெறி தவறாதவர் என்று ஊர் மதிக்கும் டேவிட்டின் தந்தை அவளை வெளியே போகச் சொல்கிறார். அதே மேசையில் மரியாதைக்குரிய விருந்தாளியாக உட்கார்ந்திருப்பவன் சாண்டர்சன். இவ்வளவு நாள் குனிந்து வேலை செய்தவள் நிமிர்ந்து, கையை நீட்டி அவனைச் சுட்டிக்காட்டுகிறாள். மௌனப்படத்தில் குரல் கிடையாது. காட்சிகளுக்கிடையே திரையில் வரும் எழுத்தட்டை சில சொற்களை மட்டுமே தரும். மீதியெல்லாம் அவள் உதடுகளும் விழிகளும்தான். அவளைத் துரத்திய ஊர் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்ற அநீதியை, வேலைக்காரியாக நின்ற இடத்திலிருந்தே அவள் சபையறியச் சொல்லிவிடுகிறாள். அதன் பிறகு புயலுக்குள் இறங்கிப் போகிறாள்.

டேவிட்டின் அன்பை நான் நம்புவதற்கும் அந்த மேசைதான் காரணம். அதுவரை அவன் நேசித்தது தனக்கு ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணை. அப்படிப்பட்ட காதல் நிற்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அவன் பனியில் ஓடித் தேடுவதோ எல்லாவற்றையும் கேட்ட பிறகு. சாண்டர்சனின் காதலுக்கு இரகசியம் வேண்டியிருந்தது. டேவிட்டின் காதலோ தாய் தந்தை, அண்டை அயலார் அனைவரும் உண்மையை அறிந்துகொண்ட வீட்டிலிருந்து புறப்படுகிறது.

குறைகள் உண்டு. ஒரு பெண்ணுக்கு ஒருவனே என்ற தொடக்கப் பிரசங்கமும், ஊர்க்காரர்களின் அசட்டு நகைச்சுவையும் என்னைச் சோர்வடையச் செய்தன. லாட்டி பிளேர் பார்க்கரின் மேடை நாடகத்தைத் தழுவியது என்பதால் பழைய மேடையின் வாசனை சில இடங்களில் அப்படியே இருக்கிறது.

மறுமுறை பார்க்கும்போது, அன்னா கரைசேர்ந்த பிறகு நடப்பவற்றின் வரிசையை மட்டும் கவனியுங்கள். அவளை வீட்டைவிட்டு அனுப்பிய அந்தப் பெரியவர் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். கல்யாணம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

அன்புடன்.