பலகை விளையாட்டை எழுத்தில் ஆடுதல்: அண்ணாவியிடம் கேட்டவை

கிளிநொச்சியில் இருந்தபடி ஐந்து ஆண்டுகளாக ஹீரோகுவெஸ்ட் என்னும் நிலவறைப் பலகை விளையாட்டை இணையத்தில் எழுத்து மூலம் நடத்தி வருகிறேன். எங்கள் குழுவில் நடத்துபவரை அண்ணாவி என்றே அழைப்போம். புதிதாகத் தொடங்குவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (மல்லாவி): அக்கா, கனடாவில் இருக்கும் மாமா இந்த விளையாட்டுப் பெட்டியை அனுப்பியிருக்கிறார். நண்பர்கள் நால்வரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். நடத்துபவர் அவர்களுக்கு எதிரியாகத்தான் இருக்க வேண்டுமா?

பதில்: பெட்டியில் உள்ள விதிப்படி எதிரிதான், தம்பி. ஸ்டீபன் பேக்கர் வடிவமைத்து, மில்டன் பிராட்லி நிறுவனம் கேம்ஸ் வேர்க்ஷொப்புடன் சேர்ந்து 1989 இல் வெளியிட்ட இந்த விளையாட்டில், பார்பேரியன் (முரட்டுப் போர்வீரன்), குள்ளன், எல்ஃப் (கூர்ங்காதுள்ள கற்பனை இனத்தவர்), மந்திரவாதி என நான்கு வீரர்களுக்கு எதிரே, ஐந்தாமவரான நடத்துபவர் அரக்கர்களை ஏவும் தீய சூனியக்காரனாக அமர்வார். பிரித்தானியப் பதிப்பில் அவன் பெயர் மோர்கார், அமெரிக்கப் பதிப்பில் ஸார்கன். மேசையைச் சுற்றி இருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதால் அந்த எதிர்ப்பு உறைப்பதில்லை. எழுத்திலோ, "உன் வீரன் விழுந்தான்" என்ற ஒரு வரி விடியும் வரை கைத்தொலைபேசியில் அப்படியே கிடக்கும்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை நினைத்துப் பாருங்கள். பாட்டு முழுவதும் அவருக்குத் தெரியும், தாளமும் அவர் பொறுப்புத்தான், ஆனாலும் கோவலனின் ஆட்டத்தை வேடம் கட்டியவரிடமே விட்டுவிடுவார். அரக்கர்களை விதிப்படி, இரக்கம் காட்டாமல் நகர்த்துங்கள். வீரன் பயந்தானா, கோபப்பட்டானா என்பதை மட்டும் ஒருபோதும் நீங்கள் எழுதாதீர்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): பகடையை அவரவர் வீட்டில் உருட்டினால் எப்படி நம்புவது?

பதில்: சந்தேகத்துக்கு இடமே வைக்காமல் இருப்பது நட்புக்கு நல்லது. பெட்டியில் உள்ள சண்டைப் பகடையின் ஆறு பக்கங்களில் மூன்று மண்டையோடு, இரண்டு வெள்ளைக் கேடயம், ஒன்று கறுப்புக் கேடயம். ஆகவே சாதாரணப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மண்டையோடு, 4, 5 வெள்ளை, 6 கறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். டெலிகிராமில் பகடை எமோஜியை அனுப்பினால் என்ன எண் விழுகிறது என்பதைச் செயலியே தெரிவு செய்யும், அனுப்பியவரால் மாற்ற முடியாது. நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

கணக்கையும் அறிந்திருங்கள். தாக்குபவருக்கு மண்டையோடு விழுந்தால் அடி; தடுக்கும்போது வீரர்களை வெள்ளைக் கேடயமும் அரக்கர்களைக் கறுப்புக் கேடயமும் காக்கும். மூன்று பகடையால் தாக்கும் பார்பேரியன், ஒரு பகடையால் தடுக்கும் கோப்ளின் என்னும் குட்டி அரக்கனை 48 இல் 39 தடவை வீழ்த்துவான். இரண்டு பகடை உள்ள குள்ளன் மூன்றில் இரண்டு தடவைதான் வீழ்த்துவான். இது தெரிந்தால், குள்ளனாக ஆடும் பிள்ளை தொடர்ந்து தவறும்போது அதை அவருடைய பிழை போல எழுத மாட்டீர்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): எல்லோருக்கும் ஒரே பலகையை எப்படிக் காட்டுவது? எங்களில் இருவருக்கு டேட்டா போதாது.

பதில்: படமே வேண்டாம், கட்டங்களுக்குப் பெயர் வையுங்கள். பலகை 26 கட்ட நீளமும் 19 கட்ட அகலமும் கொண்டது. நீளத்துக்கு எண் கொடுத்தேன். அகலத்துக்கு க, ங, ச என்று தொடங்கி ன வரை பதினெட்டு எழுத்துகளும் கடைசியாக ஃ உம் வைத்தபோது பத்தொன்பது சரியாக அமைந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. "எல்ஃப் ட-14 இல் நிற்கிறாள், கதவு ட-16 இல்" என்று எழுதினால் ஒவ்வொருவரும் கொப்பித்தாளில் கோடு போட்டுப் பின்தொடரலாம். குரல் பதிவில் மட்டும் சொல்லாதீர்கள். ல, ள, ழ என்ற மூன்று வரிசைகளும் காதுக்கு ஒன்றாகிவிடும், ந, ன, ண வும் அப்படியே.

படம் அனுப்பத்தான் வேண்டும் என்றால், திறக்காத அறைகளைக் கடதாசியால் மூடிய பின் எடுங்கள். ஒருமுறை நான் மூட மறந்ததால் புதையல் இருந்த அறை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பயணத்தையே (ஒரு நிலவறைக் கதையை முடிக்கும் ஆட்டத்தை இப்படித்தான் அழைப்போம்) கைவிட வேண்டியதாயிற்று.

கேள்வி (பரந்தன்): ஒருவர் டொரொன்ரோவில், ஒருவர் லண்டனில். எந்த நேரத்தில் ஆடுவது?

பதில்: ஒரே நேரத்தில் கூட்ட முயலாதீர்கள். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் டொரொன்ரோவில் கோடையில் காலை பதினொன்றரை, குளிர்காலத்தில் பத்தரை. வேலைக்குப் போனவரை அப்போது அழைப்பது நியாயமில்லை. அதே சமயம், விதியில் உள்ளபடி ஒருவர் பின் ஒருவராகக் காத்திருந்தால், ஆளுக்கு ஒரு நாள் என்று பார்த்தாலும் ஒரு சுற்றுக்கு ஐந்து நாள் போய்விடும். நான் பார்த்தவரை ஆட்டங்கள் நின்றுபோவதற்கு இந்தக் காத்திருப்பே பெரிய காரணம். நால்வரும் விரும்பிய ஒழுங்கில் எழுதட்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் எழுதாதவரின் வீரன் தோழர்களின் பின்னே தற்காத்தபடி நடப்பான் என்று முதலிலேயே உடன்பட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனதற்காக யாருடைய வீரனும் சாகக் கூடாது.

கேள்வி (வவுனியா): வர்ணனை எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்?

பதில்: நான்கைந்து வரி போதும். கண்ணுக்குத் தெரிவது, நிற்கும் கட்டம், இனி அவர்கள் தீர்மானிக்க வேண்டியது ஆகிய மூன்றும் இருக்கட்டும். என் குறிப்பு ஒன்று: "கதவு உள்நோக்கித் திறக்கிறது. ஈரமண் வாசனை. ம-9 இல் ஓர் எலும்புக்கூடு, வாளைத் தரையில் இழுத்தபடி திரும்புகிறது. அதன் பின்னால் மூடிய பெட்டி. மந்திரவாதி வாசலில் நிற்கிறார். முதலில் நுழைவது யார்?" கேள்வியில் முடித்தால் பதில் விரைவில் வரும்.

கேள்வி (முள்ளியவளை): நிலவறை, இருட்டு, இடிந்து விழும் கல் என்றெல்லாம் வருகிறதே. எங்கள் குழுவில் போர்க்காலத்தில் பதுங்குகுழியில் இருந்தவர்கள் உண்டு. நடத்தலாமா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. நடத்தலாம், ஆனால் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, எதை வர்ணிக்க வேண்டாம் என்று கேளுங்கள், காரணம் கேட்காதீர்கள். என் குழுவில் ஒரு தங்கை, கூரை விழுவது மட்டும் வேண்டாம் என்றாள். விளையாட்டில் குழிப்பொறி, ஈட்டிப்பொறி, கல் விழும் பொறி என மூன்று உள்ளன. கல் விழ வேண்டிய இடங்களில் எல்லாம் ஈட்டியை வைத்தேன், ஆட்டத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. போர் முடிந்த 2009 இல் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று இருபது வயதைக் கடந்தவர்கள். "பங்கர்" என்ற சொல்லை நான் எந்தக் காட்சியிலும் எழுதுவதில்லை.

கேள்வி (மாங்குளம்): மந்திரவாதியாக ஆடுபவர் முதல் அறையிலேயே இறந்துபோகிறார். என்ன செய்யலாம்?

பதில்: பார்பேரியனுக்கு உடல் வலு எட்டு, மந்திரவாதிக்கு நான்குதான், எனவே அவரை முன்னே அனுப்பாமல் இருப்பது தோழர்களின் கடமை. அவரிடம் ஒன்பது மந்திரங்கள் இருக்கும், ஒவ்வொன்றையும் ஒரு பயணத்தில் ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். நீர், நிலம் ஆகிய இரண்டு தொகுதிகளிலும் இழந்த வலுவில் நான்கு புள்ளிகள் வரை மீட்டுத் தரும் மந்திரம் ஒவ்வொன்று உண்டு. எந்த மந்திரங்கள் மீதமுள்ளன என்பதை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நீங்களே எழுதி விடுங்கள். நாள் கணக்கில் நீளும் ஆட்டத்தில், கையில் இருப்பதை மறந்துதான் பலர் வீரனை இழக்கிறார்கள்.